பியசேன சேரின் மகள்

சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு உடம்பு வலிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் ஏறினால் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஆண் இத்தனை, பெண் இத்தனை, அறுபதைத் தாண்டியவர் இத்தனை, மடியில் குழந்தை உண்டா இல்லையா. கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஏறும்போது இருந்த சனம் வேறு, வெள்ளவத்தையில் இறங்கும்போது இருக்கிற சனம் வேறு. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று பயந்து எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்ததும் உண்டு.

போன மாதம் எங்கள் பழைய திணைக்களத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். யுத்த காலத்தில் எப்படிக் கணக்கெடுத்தீர்கள் என்று வந்து கதைக்க முடியுமா என்று கேட்டாள். "இப்ப எல்லாம் டேப்லெட்தான் மிஸ். பிழையான வயசைப் போட்டா அதுவே விடாது," என்றும் பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிழையான வயதை விடாத இயந்திரம் அந்தக் காலத்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தால் முதலாவது சந்து ஒழுங்கையிலேயே அதற்கு மூச்சு நின்றிருக்கும். போய்க் கதைத்தேன். எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய், சொல்ல நினைத்த விஷயத்தைச் சொல்லாமலே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தார். படித்து முடித்ததும் எனக்கு இந்த வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் கூட்டலிலும் கழித்தலிலும் போயின. சனத்துக்கு நாற்பதும் ஐம்பதும் பிடிக்கும், நாற்பத்தொன்று பிடிக்காது என்று அங்கேதான் படித்தேன். வயது தெரியாதவரிடம் ஏதாவது பெரிய சம்பவத்தைச் சொல்லி அதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்க வேண்டும் என்பது முறை. "கலவரத்துக்கு முந்தியோ பிந்தியோ பிறந்தனீங்கள்?" என்று கேட்பேன். எங்கள் சனம் "எந்தக் கலவரம்?" என்று திருப்பிக் கேட்கும்.

எனக்கு வாய்த்த மேலதிகாரி பியசேன சேர். மெலிந்த மனிதர். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. வெறுந்தேநீரோடு ஒரு துண்டு கருப்பட்டி கடிப்பார். அது கரைந்து முடியும்வரை யாரும் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. அவருடைய பகுதியில் அழிறப்பருக்குத் தடை. பிழையாக எழுதினால் ஒரே ஒரு கோடுதான் கீறலாம், கீழே முதலில் எழுதியது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் எப்போதும் தன் வீட்டையே உதாரணமாகக் கரும்பலகையில் எழுதுவார். முதல் வரியில் குடும்பத் தலைவர், ஆண். இரண்டாவது வரியில் மனைவி, பெண். அதோடு சோக்கைக் கீழே வைத்துவிடுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

"மினிஸ்ஸு ஹதன்ன எப்பா, மிஸ். கணன் கரன்ன விதரய்," என்பார் அடிக்கடி. மனிதரை உண்டாக்க வேண்டாம், எண்ணினால் போதும் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. வெயிலுக்குப் பயந்த சிலர் வீடு வீடாகப் போகாமல் எங்காவது மரத்தடியில் இருந்து இல்லாத குடும்பங்களை எழுதிக்கொண்டு வருவார்கள். சேர் படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டே போய், சரியாக அந்தத் தாள்களை உருவி வெளியே வைப்பார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"இதைப் பாருங்கள். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அடுத்த வீட்டிலும் அப்படியே. உண்மையான வீட்டில் ஏதாவது ஒன்று கோணலாக இருக்கும், மிஸ். புருஷனைவிட மூத்த மனைவி இருப்பாள். எங்கிருந்தோ வந்து தங்கிவிட்ட ஒரு மாமா இருப்பார். ஒரே வகுப்பில் மூன்று தரம் இருந்த பொடியன் இருப்பான். பொய் எழுதுகிறவனுக்கு அந்தக் கோணல் வராது," என்றார்.

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் என் பொறுப்பில் இருந்தன. வயதையும் ஆண் பெண்ணையும் வைத்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம் கீறுவோம். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், அடியில் குழந்தைகள், உச்சியில் கிழவர்கள். ஒழுங்கான ஊர் என்றால் மேலே போகப் போக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒடுங்கும். கொட்டாஞ்சேனைப் படத்தில் இடப்பக்கம் வீங்கியிருந்தது. கடைகளுக்கு மேலே பாய் விரித்துப் படுக்கிற மலையகப் பொடியன்மார் அவர்கள். வெள்ளவத்தைப் படத்தில் வலப்பக்கம் முழுக்க ஐம்பது வயதுத் தாய்மார். இடப்பக்கத்தில் பதினேழுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில், பல் விழுந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. அந்தப் படத்தைப் பார்த்தால் என்னால் கதிரையில் இருக்க முடியாது. எழும்பி யன்னலுக்கும் மேசைக்கும் நடப்பேன். ஓட்டைக்குள் இருக்க வேண்டியவர்களில் சிலர் வெளிநாடு போயிருந்தார்கள், சிலர் வடக்கில் இருந்தார்கள், சிலர் எங்கும் இல்லை. இன்னும் சிலர் நான் கேள்வி கேட்கும்போது உள்ளறையில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

பிறந்த இடத்தைக் கேட்டால் இன்னும் மோசம். பொலிசுக்குப் பயந்து எல்லாரும் கொழும்பு என்பார்கள். அந்தக் கணக்கை நம்பினால் வடக்கிலிருந்து ஒரு குருவிகூட வெள்ளவத்தைக்கு வரவில்லை. அத்தனை பேரும் கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டு ஏனோ யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்கள்.

இதோடு இன்னொரு கரைச்சல். ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் அவரை அந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. வெள்ளவத்தையில் இந்த விதியைச் சொன்னால் சனத்துக்குக் கோபம் வரும். "நாங்கள் இஞ்சை இருக்கிறேல்லைப் பிள்ளை. வெளிநாடு போறதுக்கு வந்து நிக்கிறம்," என்பார்கள். விசாவுக்காக, ஏஜென்டுக்காக, ஸ்பொன்சர் கடிதத்துக்காக வருடக் கணக்கில் நிற்பார்கள். கதிரை வாங்க மாட்டார்கள், அலுமாரி வாங்க மாட்டார்கள். சூட்கேசின் மேல் துணி விரித்து அதிலே சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிடுவார்கள். போகப் போகிறவர்கள் எதற்குத் தளபாடம் வாங்குவது?

பவளக்கா அப்படி நின்றவர்களில் ஒருவர். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். நான் போனபோது கதவைப் பாதி திறந்தபடி நின்றுதான் பதில் சொன்னார்.

"எத்தினை பேர் அக்கா இருக்கிறியள்?"

"நானும் மகளும்."

பதிலை உடனே எழுதக் கூடாது என்பது சேர் பழக்கிய முறை. பேனையைக் கீழே வைக்க வேண்டும். பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கைக்குழந்தை இருக்கிறதா? படுக்கையில் வயதானவர் இருக்கிறாரா? வேலைக்குப் போனவர் உண்டா? வந்து தங்கியிருக்கிற விருந்தாளி யாராவது? நான் கேட்டேன். கடைசிக் கேள்வி வந்ததும் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"விருந்தாளியையும் எழுதுறியளே?"

"ஆறு மாசத்துக்கு மேலை நிண்டா எழுதவேணும் அக்கா."

"அப்ப உள்ளுக்கு வாருங்கோ," என்று கதவை முழுதாகத் திறந்தார். "என்ரை மகன் பங்குனியிலை வந்தவன். அடுத்த கிழமை பிளேன் ஏத்திறன் எண்டு ஏஜென்ட் சொன்னவன். இப்ப ஐப்பசி. அந்த அடுத்த கிழமை இன்னும் வரேல்லை."

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. அவனைப் பதிந்தீர்களா என்று கேட்டேன்.

"ஒரு கிழமைக்கு என்னத்துக்குப் பதியிறது எண்டு விட்டிட்டன் பிள்ளை. இனிப் போனா, இவ்வளவு நாளும் ஏன் ஒளிச்சு வைச்சிருந்தனீ எண்டெல்லே கேப்பாங்கள். என்ன சொல்லுறது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் இதே பிழையைத்தான் விட்டிருந்தார்கள். உள்ளறையிலிருந்து பொடியன் வந்தான். பெயர் கோகுலன், வயது பத்தொன்பது, பிறந்தது யாழ்ப்பாணம். உயர்தரத்தில் கணிதம் படித்தவன். என் தாளை எட்டிப் பார்த்து, "என்னை எந்தப் பெட்டிக்குள்ளை போடுவியள்?" என்று கேட்டான். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரையுள்ள பெட்டியைக் காட்டினேன். "மாசியிலை இருபது. அதுக்குள்ளை போயிட்டா அடுத்த பெட்டிக்கு நீங்கள் ஆளைத் தேடவேணும்," என்று சிரித்தான்.

"இது பொலிசுக்குப் போகுமே?" என்று பவளக்கா கேட்டார்.

"ஆருக்கும் காட்டமாட்டம் அக்கா. சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் இந்த வேலை செய்யிறம்," என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

சில நாட்களில் பொலிசார் அந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். கோகுலனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் நான் அலுவலகத்துக்கு வந்தபோது பவளக்கா வாசலில் நின்றார்.

"நீ எழுதினாய், அவனைக் கொண்டு போயிட்டாங்கள்," என்றார். நான் யாருக்கும் காட்டவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதைக் கேட்டு அவருக்கு என்ன ஆகப் போகிறது? கையைப் பிடித்து நேரே சேரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சேர் அப்போதுதான் கருப்பட்டியை வாயருகே கொண்டு போயிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அதைச் சோசரில் திருப்பி வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு, "போவோம்," என்றார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. மரியாதையாகத்தான் பேசினார். தாயோடு ஏழு மாதமாக இருக்கிறேன் என்று பொடியன் சொல்கிறான், வீட்டுப் பதிவில் பெயர் இல்லை, நேற்று வந்தவனா ஏழு மாதமாக இருப்பவனா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் தெளிந்தது.

"நீங்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்தானே? அப்படியென்றால் அவனை எழுதியிருப்பீர்கள். அந்தத் தாளைக் காட்டுங்கள். பிடிப்பதற்கு முன்பே அவன் தாயோடு இருந்தான் என்று அரசாங்கத் தாளில் இருந்தால் இப்போதே விடுகிறேன். இல்லாவிட்டால் பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும்."

மேலிடத்துக்குப் போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாரை எனக்குத் தெரியும். தாள் எங்கள் அலுமாரியில் இருந்தது. ஒரு ஓட்டோ பிடித்தால் கொண்டுவந்துவிடலாம். எழும்பிவிட்டேன்.

"காட்ட முடியாது," என்றார் சேர்.

பவளக்காவுக்குச் சிங்களம் தெரியாது. என்ன நடக்கிறது என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். சொன்னேன்.

"என்ரை வீட்டுப் பேப்பர்தானே! நானே சொல்லுறன், காட்டச் சொல்லுங்கோ!"

அதைச் சிங்களத்தில் சொன்னேன். சேர் குனிந்தபடியே இருந்தார். "விடுவதற்காக இன்று காட்டினால், பிடிப்பதற்காக நாளைக்குக் கேட்பார்கள், மிஸ். அப்போது எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? அந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருக்கிறது?"

"இப்ப இருக்கிறது ஒரு பொடியன், சேர்!" என்று கத்திவிட்டேன். ஓ.ஐ.சி.யின் முன்னால், மேலதிகாரியிடம். எனக்கு அதைப்பற்றி அக்கறை இருக்கவில்லை. அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன். குடையையும் வெள்ளைச் சட்டையையும் அழிறப்பர் இல்லாத அந்த நேர்த்தியையும் சேர்த்து வெறுத்தேன்.

சேர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். "திணைக்களத்தை விடுங்கள். எனக்கு இந்தப் பொடியனைத் தெரியும்," என்றார்.

"எப்படி?"

"மகே துவட்ட கணன் உகன்னன்னே மே லமயா."

என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் இந்தப் பிள்ளை. கரும்பலகையில் இரண்டே வரி எழுதுகிற மனிதர் அவர்.

"மகளுக்கு என்ன வயது?"

"பதினாலு," என்றார் சேர். அதோடு நிற்கவில்லை. அவள் இடதுகைக்காரி. பின்னக் கணக்கு வந்தால் அழுவாள். இரண்டு மாஸ்டர்மாரை அவளே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். இந்தப் பொடியனிடம் மட்டும்தான் அடங்கி இருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்போது மனைவி கிரிபத் என்கிற பாற்சோறு கொடுப்பாள். எல்லாரும் அதை உறைப்பான கட்டச் சம்பலோடு சாப்பிட, இவன் சீனி கேட்பான். மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சேர் தண்ணீர் ஓடுவதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். ஓ.ஐ.சி. சிரித்தே விட்டார்.

"என் மகளுக்கும் கணக்கு என்றால் காய்ச்சல்," என்றார்.

சேர் தன் வீட்டு விலாசத்தை எழுதி, பொடியனுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்து வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு கோகுலனை வெளியே விட்டார்கள். பவளக்கா அவனுடைய முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சேர் என்ன சொல்லிக் காப்பாற்றினார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சீனி, கிரிபத் எல்லாம் விட்டுவிட்டேன். மகளே இல்லை என்பதையும் சொல்லவில்லை. அது ஒழுங்கையில் பரவிப் பொலிசின் காதுக்குப் போனால் சேரின் கதி என்ன?

அவர்களை அனுப்பிவிட்டு நானும் சேரும் ஒரு தேநீர்க் கடைக்குள் போனோம். அவர் கருப்பட்டி கேட்காமலே தேநீரைக் குடித்தார்.

"அத மம மனுஸ்ஸயெக் ஹெதுவா, மிஸ்," என்றார். இன்றைக்கு நான் ஒரு மனிதரை உண்டாக்கிவிட்டேன்.

"கோணலாகத்தானே சேர் உண்டாக்கினீர்கள்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

தாளைக் காட்டாமல் விட்டது சரியா என்று பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பொய் எடுபடாமல் போயிருந்தால்? இதை நினைத்தால் இன்றைக்கும் நான் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடுவேன். ஆனால் பவளக்கா ஒழுங்கை முழுக்கப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "என்ரை பிள்ளையை விடுறதுக்குக் கூட அந்தப் பேப்பரைக் காட்டேல்லை. உங்களைப் பிடிக்கவோ காட்டப் போகினம்?" அடுத்த வருடக் கணக்கெடுப்பில் அங்கே கதவுகள் முழுதாகத் திறந்தன. கொழும்பில் பிறந்தவர்கள் எல்லாரும் திடீரென்று சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் மன்னாரிலும் பிறந்தார்கள். என் கைக்கு வந்த வெள்ளவத்தைக் கணக்குகளில் நான் நம்பியது அந்த ஒரு ஒழுங்கையை மட்டும்தான்.

பவளக்கா வீட்டில் பேனையைக் கீழே வைத்து, ஆறுதலாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். "நானும் மகளும்தான் பிள்ளை. இந்தமுறை உண்மை. அவனை ஏத்தியாச்சு," என்றார். சந்தோஷமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. சூட்கேசின் மேலிருந்து ஒரு பார்சலை எடுத்துத் தந்தார். பூப்போட்ட சட்டைத் துணி. "சேரின்ரை மகளுக்கு. அந்தப் பிள்ளையின்ரை பேரைச் சொல்லியெல்லே என்ரை பிள்ளை வெளியிலை வந்தது."

பயந்துகொண்டுதான் சேரின் மேசையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். நெடுநேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்போது அவளுக்கு என்ன வயது, மிஸ்?"

"பதினைந்து, சேர்."

"சரிதான். ஒரு வருஷம் ஏறியிருக்கிறாள்," என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எங்கள் தொழிலில் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் எல்லாரையும் ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். பவளக்கா கனடா போன பிறகும் வருடம் தவறாமல் பார்சல் வந்தது. பேனைப்பெட்டி, கம்பளிச் சட்டை, கைப்பை, ஒருமுறை சரிகை வைத்த சேலை. சேர் ஓய்வு பெற்ற பிறகு நானே அவருடைய வீட்டுக்குக் கொண்டு போவேன். சேர் வயதைக் கேட்பார், நான் சொல்வேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எங்களைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. பிறகு சேர் காலமானார்.

போன வருடம் கோகுலன் டொரொண்டோவிலிருந்து வந்தான். காதோரம் நரைத்துவிட்டது. தாய் இப்போது இல்லை. "சேரின்ரை வீட்டை ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ மிஸ். மகளையும் பார்க்கவேணும். ஒருநாளும் கண்டதில்லை," என்றான். வாகனத்தில் போகும்போது உண்மையைச் சொல்ல எத்தனை தரம் வாயைத் திறந்தேனோ தெரியாது. மழையைப் பற்றியும் போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் கதைத்து முடித்தேன்.

சேரின் மனைவி கதவைத் திறந்தார். அவன் இன்னார் என்று நான் சொன்னதும் நேரே உள்ளே போனார். கிரிபத் தட்டோடு வந்தார். ஒரு பக்கம் கட்டச் சம்பல், மறுபக்கம் சின்னக் கிண்ணத்தில் சீனி. வைத்துவிட்டு அவனுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோகுலனுக்கு அந்தச் சீனிக் கதை தெரியாது. அவன் தன்பாட்டில் சீனிக் கிண்ணத்தை இழுத்தான். அவர் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார்.

சாப்பிட்டு முடித்து, தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் மகள் எங்கே என்று கேட்டான்.

"துவ பிட்டரட்ட, புத்தா," என்றார் அவர்.

மகள் வெளிநாட்டில், மகனே. வெள்ளவத்தையில் எத்தனையோ வாசல்களில் நின்று நான் கேட்ட பதில்.

"எந்த நாடு?" என்றான் கோகுலன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"அவுஸ்திரேலியா," என்றேன். "கணக்கு மட்டும் கடைசிவரைக்கும் சரிவரேல்லை."